மனு வாங்கினால் போதுமா?

ஆசிரியருக்கு,

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. முதியோர் உதவித்தொகை நின்றுபோன பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் துணையாக ஒருமுறை போயிருந்தேன். மகன் இறந்ததிலிருந்து அவர் கதையைத் தொடங்கினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மனுவில் முத்திரை குத்திவிட்டு, "அடுத்து" என்றார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஓரத்தில் இருந்த இளம் ஊழியர் ஒருவர்தான் பாட்டி அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு மெல்ல, "கடைசியாக உதவித்தொகை வாங்கக் கைரேகை வைத்தபோது பதிந்ததா, பாட்டி?" என்று கேட்டார். சிக்கல் அங்கேதான். வயல் வேலையில் தேய்ந்த விரலில் ரேகையே இல்லை! மனுவில் இது ஒரு வரிகூட இல்லை. எழுதிக் கொடுத்தவனும் (நான்தான்) கேட்கவில்லை.

மனுதாரர் உட்கார்ந்து பேச மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியாவது போடுங்கள்.

– ஒரு வாசகர்