தலைசுற்றலுக்கு ‘ஒன்றுமில்லை’ என்பது பதிலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற ஞாயிறன்று வெளியான தலைசுற்றல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். உட்காதுக் கோளாறு, இரத்தசோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை குறைதல் என்று ஒவ்வொரு காரணத்தையும் பொறுமையாக விளக்கிக்கொண்டு வந்த கட்டுரையாளர், கடைசியில், எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் தலைசுற்றுகிறது என்பவர்களுக்கு அது வெறும் மனப்பதற்றம்தான், தைரியம் சொன்னால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதம். அதற்குள் அடைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

2021ஆம் ஆண்டு ஆடி மாதம், விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்தபோது அறை முழுவதும் பம்பரமாகச் சுழன்றது. மூன்று நாள் வாந்தியும் மயக்கமுமாகத் தலையைத் தூக்க முடியவில்லை. ஒரு பக்கத்து உட்காது நரம்பில் அழற்சி என்றார்கள். இரண்டு வாரத்தில் சுழற்சி நின்றது. ஆனால் அதன் பின்னால் வந்த தள்ளாட்டம் நிற்கவில்லை. நடந்தால் தரை மெத்தைபோல் அமுங்கும்; நின்றால் உடம்பு உள்ளுக்குள் ஆடும்; படுத்தால்தான் கொஞ்சம் நிம்மதி.

அந்த மார்கழியில் வாசலில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் போடக் குனிந்தேன். நாற்பது ஆண்டுகளாகக் கை பழகிய கோலம். ஏழாவது வரிசையில் புள்ளி வைக்கும்போதே முதல் வரிசைப் புள்ளிகள் நகரத் தொடங்கின. இழையை வளைத்துக்கொண்டு போகும் என் விரலுக்கு முன்னால் கோடுகள் ஓடின. மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மீதிக் கோலத்தை மருமகள் போட்டாள். ரங்கநாதன் தெருவின் நெரிசலும், வரிசை வரிசையாகப் புடவை தொங்கும் கடைகளும், மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டும் அன்று முதல் எனக்கு எட்டாத இடங்களாயின.

பித்தம் என்று வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒரு மருத்துவர் காலர் மாட்டச் சொன்னார். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, “எல்லாம் நார்மலா இருக்கும்மா, ஒண்ணும் இல்ல, வீணா யோசிக்காதீங்க” என்று படங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றுமில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபடியே படியிறங்கியவளுக்கு, தன் உடம்பைப் பற்றித் தானே பொய் சொல்கிறோமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. இந்தச் சந்தேகம் தலைசுற்றலைவிடக் கொடியது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அறிந்தேன். நிமிர்ந்து நிற்பதாலும், அசைவாலும், கண்முன் நகரும் காட்சிகளாலும் சிக்கலான வடிவங்களாலும் அதிகமாகி, மூன்று மாதங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடிக்கும் இந்தத் தள்ளாட்டத்தை மருத்துவர்கள் ‘பெர்சிஸ்டென்ட் போஸ்ச்சுரல் பெர்செப்சுவல் டிஸ்ஸினஸ்’, சுருக்கமாக ‘பிபிபிடி’ என்கிறார்கள். இதைக் கண்டறிவதற்கான அளவுகோல்களை, சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பன்னாட்டு அமைப்பான பாரானி சங்கம் 2017இல் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டிலும் இது இடம்பெற்றிருக்கிறது. உட்காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரானியின் பெயரைத் தாங்கிய சங்கம் அது. நேற்றுப் பேசத் தொடங்கிய விஷயமும் அல்ல இது. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர்கள் 1986லேயே ஏறக்குறைய இதே நிலையை விவரித்துவிட்டார்கள்.

இதில் மூளை என்ன செய்கிறது என்பதை நம் புறநகர் மின்சார ரயிலை வைத்தே விளக்கிவிடலாம். எழும்பூரில் நம் வண்டி நின்றிருக்கிறது. பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெல்லக் கிளம்புகிறது. நம் வண்டிதான் நகர்கிறது என்று ஒரு நொடி உடம்பு துணுக்குறுகிறது. கண் நகர்வதாகச் சொல்ல, காதின் சமநிலை உறுப்பும், இருக்கையை உணரும் முதுகும் நகரவில்லை என்று சொல்ல, மூளை இரண்டையும் எடைபோட்டு உடனே சமாதானமாகிவிடுகிறது. கண்முன் காட்சி நகரும்போது, காதிலிருந்து சமநிலைச் செய்தியைப் பெறும் மூளைப்புறணிப் பகுதியின் செயல்பாடு தணிகிறது என்பதை ம்யூனிக் ஆய்வாளர்கள் 1998இல் படம்பிடித்தே காட்டியிருக்கிறார்கள். கண்ணும் காதும் முரண்படும்போது ஒன்றை ஓங்கவிட்டு மற்றொன்றைத் தணிப்பது மூளையின் இயல்பான ஏற்பாடு. காதுக்கு அடிபட்ட நாட்களில் கண்ணையே பெரிதும் நம்பி நடப்பதும் சரியான தற்காப்புதான். காது தேறிய பின்னும் அந்த அவசர ஏற்பாட்டைக் கைவிடாமல் மூளை தொடர்வதே இந்த நோய் என்று இன்று கருதுகிறார்கள். அதனால்தான் கோலப்புள்ளி நகர்ந்தால் நானும் நகர்கிறேன்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீடித்த தலைசுற்றல் உள்ளவர்களையும் நலமானவர்களையும் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, சமநிலை உறுப்பைத் தூண்டும் குறுகிய ஒலிகளைக் காதில் செலுத்திப் பார்த்தார்கள். நோயுற்றவர்களிடம் சமநிலைச் செய்தியைப் பெறும் புறணிப் பகுதியும், இடவுணர்வுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸும், பதற்றத்தையும் கவனத்தையும் ஆளும் சில பகுதிகளும் நலமானவர்களைவிடக் குறைவாகவே செயல்பட்டன. வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் கட்டமைப்பைக் காட்டும். அங்கே கட்டியோ அடைப்போ இல்லை என்று சொல்லும். வீட்டின் சுவரும் கூரையும் உறுதியாக இருப்பதால், உள்ளே மின்சாரம் சீராக ஓடுகிறது என்று ஆகிவிடாதல்லவா?

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இவை சிறிய குழுக்களின் சராசரிகள். எல்லா ஆய்வுகளும் ஒன்றுபோல் பேசுவதும் இல்லை. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து இவருக்கு இந்த நோய் என்று சொல்லும் சோதனை எதுவும் இன்று கிடையாது. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டே இதைக் கண்டறிகிறார்கள். எனவே இதைப் படித்துவிட்டு யாரும் விலையுயர்ந்த ஸ்கேனைத் தேடி ஓடவேண்டாம். அதேபோல, திடீரென்று வரும் தலைசுற்றலோடு பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, கைகால் பலவீனமோ, நிற்கவே முடியாத நிலையோ இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது 108ஐ அழைப்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கக்கூடாது.

பதற்றத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், பாசி படிந்த குளத்துப் படியில் இறங்குபவர்போல் கணுக்காலை இறுக்கி, குட்டைக் குட்டையாக அடியெடுத்து வைக்கிறோம். அந்த இறுக்கமே தள்ளாட்டத்தை வளர்க்கிறது. ஆனால் அந்த அச்சமும் சமநிலையைக் காக்கும் அதே மூளை வலைப்பின்னலில்தான் பின்னிக் கிடக்கிறது. என் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கதை சொல்லிக்கொண்டே வந்தால் நான் நன்றாக நடக்கிறேன். கதை முடிந்து என் காலை நானே கவனிக்கத் தொடங்கியதும் தரை மறுபடி அமுங்குகிறது. கவனம் வேறொன்றில் இருக்கும்போது இத்தகையோரின் நிற்கும் நிலை சீராவதை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இதைக் கண்டு ‘நடிப்பு’ என்பவர்கள் உண்டு. நோயின் இயல்பே இதுதான் என்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், இரண்டு ஆண்டுகள் நான் ஒளிந்து வாழ்ந்திருக்கமாட்டேன்.

சிகிச்சையும் இருக்கிறது. தலையையும் கண்ணையும் உடலையும் படிப்படியாக அசைவுக்குப் பழக்கும் சமநிலைப் பயிற்சி, அச்சத்தைத் தணிக்கும் உளவியல் சிகிச்சை, தேவைப்பட்டால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மருந்துகள் ஆகியவற்றையே மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். நாம் செய்வதோ, தலைசுற்றல் மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை கடும் சுழற்சியின் முதல் சில நாட்களுக்கு உதவுபவை. நாள்பட உண்டால் மூளை தானாகத் தேறிக்கொள்வதை மந்தப்படுத்துவதோடு, முதியோருக்குக் கைநடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் தரக்கூடும். நான் பதினோரு மாதம் உண்டேன். மருத்துவரின் மேற்பார்வையில் அதை விட்டுவிட்டுப் பயிற்சி தொடங்கிய நான்காம் மாதம், தெருமுனைக் காய்கறிக் கடைவரை தனியாகப் போய்வந்தேன்.

தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையின் கடைசி வரியைத் திருத்தி, இதே மருத்துவப் பக்கத்தில் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரையோ நரம்பியல் நிபுணரையோ கொண்டு இந்த நோயைப் பற்றி முழுமையாக எழுதச் செய்யுங்கள். சமநிலைப் பயிற்சிக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்டும் ஒரு காலி அறையும் போதும். அதை அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளில் வாரம் ஒரு நாளாவது நடத்தவேண்டும் என்ற கோரிக்கையையும் தங்கள் நாளிதழ் சுகாதாரத் துறையின் முன் வைக்குமானால், பெரம்பூரிலிருந்து முதல் ஆளாக நான் வருகிறேன். இந்த மார்கழியில் ஐந்து புள்ளிக் கோலம்வரை வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
பெரம்பூர், சென்னை.