எச்-குறியீட்டை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓர் ஆய்வாளரைப் பற்றிய செய்தியில், அவரது கட்டுரைகளின் தாக்கத்தைக் காட்டும் எச்-குறியீட்டைக் (h-index) குறிப்பிட்டால், எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் அச்சிடுங்கள். எச்-குறியீடு 40 என்றால், தலா 40 மேற்கோளாவது (பிற ஆய்வுகள் சான்றாகக் குறிப்பிடுவது) பெற்ற கட்டுரைகள் 40 உள்ளன என்பதே பொருள். ஆய்வேடுகள், முன்பதிப்புகளில் (இதழில் வரும் முன்பே பகிரப்படும் கட்டுரைகள்) வரும் மேற்கோள்களையும் கூகுள் ஸ்காலர் தரவுத்தளம் எண்ணுவதால், ஸ்கோபஸ் தரவுத்தளத்தைவிட அதில் எண் பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.

நரம்பு மருந்தியலில் இன்னொரு சிக்கல் உண்டு. திறனாய்வுக் கட்டுரைகளும் செய்முறைக் கட்டுரைகளும் மேற்கோள்களை அள்ளிக்கொள்ளும்; புதிய கண்டுபிடிப்பு பின்தங்கலாம். ஸ்வீடன் மருந்தியலாளர் அர்வித் கார்ல்சன் குழுவினர் 1957இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது மிகச் சிறிய குறிப்பு. ரெசர்பின் (நம் சர்ப்பகந்தி வேரில் கிடைப்பதுதான்) கொடுத்து அசைவற்றுப்போன விலங்குகள், டோபா (உடலில் டோபமின் என்னும் நரம்புச் சமிக்ஞைப் பொருளாக மாறுவது) செலுத்தியதும் மீண்டும் இயங்கின. இன்னொரு நரம்புச் சமிக்ஞைப் பொருளான செரோட்டோனினின் முன்னோடிப் பொருளுக்கு அந்த விளைவு இல்லை. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா சிகிச்சை வர வழி வகுத்த சோதனை அது. ஆனாலும், 1960இல் லண்டனில் கூடிய வல்லுநர்கள் டோபமினின் பங்கை ஏற்கத் தயங்கினர். கார்ல்சனுக்கு நோபல் பரிசு வந்ததோ 2000இல்! முதல் சில ஆண்டுகளின் மேற்கோள்களை மட்டும் எண்ணி இத்தகைய பணியை எடைபோட முடியுமா?

தன்மேற்கோள்களைக் (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது) கழித்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து இடம் மாறுவதால், ஒருவரது கட்டுரைகள் இரண்டு மூன்று கணக்குகளாகச் சிதறுகின்றன. அல்லது வேறொருவருடையது சேர்ந்துவிடுகிறது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண்ணுடன் ஒப்பிட்டால் பெரும்பாலான பிழைகள் பிடிபடும்.

இப்படிக்கு,
மருந்தியல் துறை வாசகர்