நெல்லைக்காரருக்கு சென்னை எத்தனை மணி நேரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தூத்துக்குடி விமான நிலையம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'ஒன்றரை மணி நேரத்தில் சென்னை' என்று போட்டுவிடுகிறீர்கள். அது விமானத்தின் நேரம், பயணியின் நேரம் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து விமான நிலையம் இருக்கும் வாகைகுளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், காரில் முக்கால் மணி நேரம், கவுன்டர் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும், அப்புறம் மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டிக்கு நின்று, நகர நெரிசலில் வீடு சேர எப்படியும் நாலரை, ஐந்து மணி நேரம். வந்தே பாரத் ரயில் சுமார் 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் கடந்து நேராக எழும்பூரில் விடுகிறது.

அதற்காக விமானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசர சிகிச்சைக்குப் போகிறவருக்கு மிச்சமாகும் மூன்று மணி நேரம் பெரிய விஷயம். வான்வழியில் தூரம் 530 கிலோமீட்டர்தான், ஆனால் பழைய ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர் என்பதால் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானங்களே வந்துபோயின, அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான், ஜெட் என்றால் 800-ஐத் தாண்டும். இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர் ஆகி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. சரி, ஜெட் வரட்டும். ஆனால் அதில் மிச்சமாவது கால் மணி, அரை மணிதான். நேரம் கரைவது தரையில். ஒவ்வொரு விமானத்துக்கும் பொருந்துகிற மாதிரி நெல்லையிலிருந்து வாகைகுளத்துக்குள்ளேயே போகும் அரசுப் பேருந்து வேண்டும், கட்டணமும் சாதாரணமாக இருக்க வேண்டும். இதை உங்கள் நாளிதழ் விடாமல் எழுத வேண்டும்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை