20 மீட்டர் ஒயருக்குள் ஒரு பல்ப்

சுங்கை சிப்புட்

அன்புக் கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காதுகுத்து என்றதும் வீட்டில் ஒரே சந்தோஷம். முதல் நாளே கிள்ளானுக்கு வந்துவிடுகிறோம். என் மூட்டுவலி இப்போது தேவலை. நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், அந்த இடமெல்லாம் செம்பனை. ஆயாக் கொட்டகை ஓரத்து மாமரம் மட்டும் நிற்கிறது.

விருந்தன்று பின்கட்டில் கெட்டில் வைக்கப்போவதாகவும், எக்ஸ்டென்ஷன் ஒயர் லேசாகச் சுடுவதாகவும் போகிற போக்கில் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. போன மாதம் எங்கள் கோயில் அன்னதானத்தில் இதேதான் நடந்தது. உருளையில் சுற்றியபடியே கிடந்த 20 மீட்டர் ஒயரில் 2000 வாட் கெட்டிலை மாட்டியிருந்தார்கள். தீய்ந்த வாடை வந்ததும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். உள்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நகம் விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. பியூஸ் போகவில்லை. எப்படிப் போகும்? அது 13 ஆம்பியர் பியூஸ். கம்பிப் பருமன் 0.75 சதுர மில்லிமீட்டர் உள்ள அந்த ஒயரோ 6 ஆம்பியருக்கானது.

மறுநாள் அதே அளவு ஒயரை வாசலில் முழுக்க நீட்டிப் போட்டு, படிவம் 5 படிக்கும் பேத்தியை உட்காரவைத்து மீட்டரால் அளந்தேன். கெட்டில் கொதிக்கும்போது சுவர்ப் பிளக்கில் 230 வோல்ட், கெட்டில் பக்கம் 222. கரண்ட் 8.4 ஆம்பியர். வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, அதை ஓமில் சொல்வோம். அதன்படி கெட்டிலுக்கு 26.4 ஓம். வழியில் காணாமல் போன 8 வோல்ட்டை அதே 8.4ஆல் வகுத்தால் ஒயருக்கு 0.95 ஓம். "ஒரு ஓம்கூட இல்லையே தாத்தா" என்றாள். வோல்ட்டைக் கரண்டால் பெருக்கினால் வாட், இப்போது பெருக்கிப் பார் என்றேன். எட்டை 8.4ஆல் பெருக்கினால் 67 வாட். நம் காலத்து 60 வாட் குண்டு பல்ப்பைத் தொட்டால் கை பொத்துப்போகுமே, அத்தனை சூடு அந்த ஒயருக்குள். நீட்டிப் போட்டால் காற்றில் ஆறிவிடும். சுற்றி வைத்தால் எங்கே போகும்? இன்னொரு கெட்டிலையும் அதில் மாட்டினால் கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஒயரின் சூடோ ஏறக்குறைய நாலு மடங்காகும். விருந்து வீட்டில் இதைத்தான் யோசிக்காமல் செய்வார்கள்.

பேத்தி அதோடு விடவில்லை. பழைய 60 வாட் பல்ப் ஒன்றை எடுத்துவந்து ஓம் மீட்டர் வைத்தாள், 65 ஓம் காட்டியது. கணக்குப்படி 230ஐ 230ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 882 வரவேண்டும். இரண்டுமே சரிதான் என்று சொல்லிக்கொடுத்தேன். டங்ஸ்டன் இழை வெள்ளையாய்க் காய்ந்து எரியும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதனால்தான் எரிகிற நிலையில் வோல்ட்டையும் கரண்டையும் அளந்து கணக்குப் போடவேண்டும். கெட்டில் கம்பி அப்படி மாறாது, ஆறியிருந்தபோதும் 26 ஓம்தான் காட்டியது. அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சுடுகிறது என்று எழுதினாயே, உன் வீட்டு அந்த ஒயரை விருந்துக்கு எடுக்காதே. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 20 மீட்டர் வாங்கி வை, வீணாகும் சூடு பாதியாகும். உருளையிலிருந்து முழுக்க அவிழ்த்துப் போடு. கெட்டில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மீட்டரைக் கொண்டுவருகிறேன், முதல் நாள் ராத்திரியே அளந்து பார்த்துவிடலாம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் லயத்துக் கூட்டாளி