வியன்னாவில் புல்வெளிக்கு நடந்த சண்டை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா பற்றிய பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக, இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு. ஷோன்புரூன் அரண்மனையின் 1,441 அறைகளையும் சுற்றிப் பார்த்து வந்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை சரிதான். ஆனால் டிக்கெட் வாங்கியவர்களுக்குக் காட்டுவது சுமார் 40 அறைகள். மிச்சப் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள்கூட உண்டு. அவர்கள் வீட்டு அடுப்படிவரை கட்டுரையாளர் போய் வந்திருந்தால் அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, அது போகட்டும். எனக்கு உறுத்தியது வேறு. நான்கு பக்கக் கட்டுரையில் தோட்டங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம். மியூசியம்ஸ் க்வார்ட்டியர் என்ற கலை வளாகம் பற்றி மூச்சே இல்லை. நான் முப்பது வருடம் நகராட்சியில் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது வருடம் பூங்காக்களோடு மல்லுக்கட்டியவன். அந்த ஊரில் என்னை நிற்கவைத்துப் பார்க்கவைத்தது இந்த இரண்டும்தான். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். பதினொரு நாளில் ஏழு நாடு என்று ஒரு டூர் கம்பெனி எங்களை அழைத்துப் போனது. வியன்னாவுக்கு ஒதுக்கியது ஒரு காலைப் பொழுது. ஷோன்புரூன் முன்வாசலில் பஸ்ஸை நிறுத்தி, போட்டோ எடுக்க இருபது நிமிடம் கொடுத்தார்கள். உள்ளே போவது பேக்கேஜில் இல்லை என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் சுவரைப் பின்னணியாக வைத்து என் மனைவி எடுத்துக்கொண்ட படம் இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. பின்னால் இருப்பது அரண்மனையா, கலெக்டர் ஆபீஸா என்று பேரன் கேட்டான்.

இரண்டாவது தடவை, மகளுக்கு அங்கே வேலை கிடைத்த பிறகு, ஐந்து வாரம் தங்கினோம். அவசரம் இல்லை. காலையில் எழுந்து சுரங்க ரயிலில் ஷோன்புரூன் போய்விடுவேன். தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. கூட்டம் வருவதற்கு முன்பு போனால் ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் என்று அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் இருப்பார்கள். மேட்டில் ஏறினால் 1775இல் கட்டிய குளோரியெட் மண்டபம். அதற்குக் கீழே நெப்டியூன் நீரூற்று. ஒரு மூலையில் 'ரோமானிய இடிபாடு' என்று ஒன்று இருக்கிறது. ரோமானியர் கட்டி இடிந்தது என்று நினைத்துப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 1778இல் புதிதாகவே இடிந்த மாதிரி கட்டினார்களாம். எங்கள் ஊர் ஒப்பந்தக்காரர்கள் சிலருக்கும் இந்தக் கலை தெரியும்.

அரண்மனைக்கு உள்ளேயும் போனோம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குத்தான் விடுவார்கள், அதனால் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது. ஆறு வயது மோசார்ட் 1762இல் அரசி மரியா தெரேசாவுக்கு வாசித்துக்காட்டியது இங்கேதான். 1918 நவம்பரில் கடைசிச் சக்கரவர்த்தி கார்ல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகிக் கையெழுத்துப் போட்டதும் இங்கேதான். ஆனால் நான் அதிக நேரம் நின்றது 'மில்லியன் அறை' என்ற சிறிய அறையில். சுவர் முழுக்க விலையுயர்ந்த மரப்பலகை. அதில் தங்க முலாம் பூசிய சட்டங்களுக்குள் நம் நாட்டு முகலாய நுண்ணோவியங்கள்! முழுதாக வைத்திருந்தால் பரவாயில்லை. சட்டத்தின் வளைவுக்கு ஏற்றபடி ஓவியங்களை வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் இருக்க வேண்டிய குதிரை இன்னொன்றில் ஏறிவிட்டதோ என்று தோன்றியது. யாரோ ஒரு ஓவியர் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வயிறு எரிந்தது. எல்லா அறைகளையும் பார்த்ததாக எழுதியவர் கண்ணில் இது எப்படிப் படாமல் போனது?

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அரசனின் வேட்டைக்காடும் தோட்டமும் குதிரை லாயமும் எப்படி ஊர்ச் சொத்து ஆயின என்ற கதைதான் வியன்னாவின் சுவாரஸ்யமே. கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. மரியா தெரேசாவின் மகன் இரண்டாம் ஜோசப் 1766இல் பிராட்டர் என்ற அரச வேட்டைக்காட்டை மக்களுக்குத் திறந்துவிட்டார். 1775இல் ஔகார்டன் தோட்டம். அதன் வாயில் மேல் அன்றைக்கு எழுதிவைத்த வரி இன்றும் இருக்கிறது: 'எல்லா மனிதருக்கும், அவர்களை மதிப்பவன் அர்ப்பணித்த களிப்பிடம்' என்று பொருள். பிரபு ஒருவர் இதைப் பார்த்து, எங்களுக்குச் சமமானவர்களோடு மட்டும் உலாவ இடமில்லாமல் போய்விட்டதே என்று அங்கலாய்த்தாராம். எனக்குச் சமமானவர்களோடுதான் உலாவ வேண்டும் என்றால் நான் கப்புச்சின் தேவாலயத்து நிலவறையில் சவப்பெட்டிகளுக்கு நடுவேதான் நடக்க வேண்டும் என்று ஜோசப் பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அரச குடும்பத்தாரை அடக்கம் செய்யும் இடம் அது. கதை நிஜமோ இல்லையோ, வாயிலில் உள்ள வரி நிஜம்.

ஔகார்டனுக்குச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை. போனால் முதலில் அதிர்ச்சிதான். நேர்கோட்டில் மரங்கள், பீங்கான் தொழிற்கூடம், வியன்னா சிறுவர் பாடகர் குழு தங்கிப் பயிலும் சிறிய அரண்மனை, இவற்றுக்கு நடுவே இரண்டு ராட்சதக் கான்கிரீட் கோபுரங்கள். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களைச் சுட நாஜிகள் கட்டியவை. இடித்தால் பக்கத்து வீடுகளும் சேர்ந்து போகும் என்பதால் அப்படியே நிற்கின்றன. அதன் காலடியில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். நகரில் இதே போன்ற இன்னொரு கோபுரத்துக்குள் மீன் காட்சியகமே நடத்துகிறார்கள்.

இதுவரை சொன்னது அரசன் மனமுவந்து கொடுத்தது. எல்லாமே அப்படிக் கிடைத்துவிடவில்லை. ஹோஃப்பர்க் அரண்மனையை ஒட்டிய புர்க்கார்டன் சக்கரவர்த்தி குடும்பத்தின் சொந்தத் தோட்டம். முடியாட்சி போன பிறகு 1919இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். திறந்தும் என்ன? பாதையில் நடக்கலாம், புல்லில் கால் வைக்கக் கூடாது. 1979இல் இளைஞர்கள் கூட்டமாக வந்து புல்வெளியில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் விரட்டியது. மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்கு அங்கே மோசார்ட் சிலைக்குப் பக்கத்துப் புல்லில் ஊரே படுத்துக்கிடக்கிறது. 'புல்லில் நடக்காதீர்' என்ற பலகையைக் கைப்பட எழுதி நட்டவன் என்ற முறையில், அந்தப் புல்லில் துண்டை விரித்து உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மியூசியம்ஸ் க்வார்ட்டியர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அரச குதிரை லாயம். பிறகு வணிகக் கண்காட்சிகள் நடத்தும் வளாகமாக இருந்தது. 2001இல் கலை வளாகமாகத் திறந்தார்கள். பழைய லாயக் கட்டடத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் லியோபோல்ட் மியூசியம், எதிரே கரிய எரிமலைக் கல்லில் நவீன கலைக்கான மூமோக். முதல் திட்டத்தில் ஒரு வாசிப்புக் கோபுரமும் இருந்தது. பழைய நகரின் தோற்றம் கெடும் என்று எதிர்ப்பு வந்து அதைக் கைவிட்டார்கள். எலும்பும் தோலுமான உடல்களை வரைந்த எகோன் ஷீலேயின் ஓவியங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் லியோபோல்டுக்குப் போகட்டும். என் மனைவி பத்து நிமிடத்தில், இந்த மனுஷங்களுக்குச் சாப்பாடு போடவில்லையா என்று கேட்டுவிட்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

முற்றம்தான் எனக்கும் பிடித்தது. 'என்ஸி' என்று பெரிய பெரிய வண்ண இருக்கைகளைப் போட்டிருக்கிறார்கள். உட்காரலாம், சாயலாம், காலை நீட்டிப் படுக்கலாம். எதுவும் வாங்க வேண்டியதில்லை, யாரும் எழுப்ப மாட்டார்கள். பொது இடத்தில் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே பெஞ்சுக்கு நடுவில் இரும்புக் கம்பி வைக்கும் காலம் இது. அங்கேயும் எல்லாம் சுமுகம் இல்லை. வெளியிலிருந்து மது கொண்டுவந்து குடிக்கக் கூடாது என்று 2009இல் நிர்வாகம் தடை போட்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பி, தடை விலகியது. மது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் முற்றம் யாருடையது என்ற கேள்வி சம்பந்தமுள்ளது.

வூக் என்று ஓர் இடம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் இஞ்சின் தயாரித்த தொழிற்சாலை. காலியாகிக் கிடந்தபோது இடிக்க விடாமல் 1981இல் கலைஞர்களும் சுற்றுவட்டார மக்களும் நுழைந்து பிடித்துக்கொண்டார்கள். இன்று ஓவியக்கூடங்கள், நாடக அரங்கு, குழந்தைகள் குழுக்கள், முதியோர் குழுக்கள், சைக்கிளை நாமே பழுதுபார்த்துக்கொள்ளும் பட்டறை. செங்கல் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது. மியூசியம்ஸ் க்வார்ட்டியர் பளபளப்பு இங்கே இல்லை. ஆனால் கலைஞர்கள் குடியிருப்பு என்று சொல்லிக் காபி மட்டும் விற்கும் இடமும் இல்லை. ஸ்பிட்டெல்பெர்க் என்ற பழைய பகுதியின் சந்துகளும் இப்படி 1970களில் இடிபடாமல் காப்பாற்றப்பட்டவைதான். அழகோ அழகு. இப்போது கடைக்காரர் சொல்லும் விலையில் அது தெரிகிறது.

பெல்வெடேர் மாளிகையைக் கட்டுரையாளர் ஓவியர் க்ளிம்டின் 'முத்தம்' ஓவியத்தோடு முடித்துவிட்டார். துருக்கியரோடு நடந்த போர்களில் பேர் வாங்கிய இளவரசர் யூஜின் கட்டிய கோடைகால மாளிகைகள் அவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நான்கு நாடுகளின் ஆக்கிரமிப்பில் பத்து வருடம் இருந்த ஆஸ்திரியாவுக்கு விடுதலை தந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1955 மே 15 அன்று மேல் மாளிகையில். கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பால்கனியில் நின்று கூட்டத்துக்கு விரித்துக் காட்டினார்கள். தோட்டத்தின் மேல் முனையிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற ஓவியர் இதே இடத்திலிருந்து பார்த்து வரைந்த ஓவியம் அங்கே மிகவும் பிரபலம். அந்தக் காட்சிக்குள் தலை நீட்டும் ஒரு உயரமான கட்டடத் திட்டம் வந்ததால், வியன்னாவின் பழைய நகரை யுனெஸ்கோ 2017இல் அபாயத்தில் உள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு தோட்டத்திலிருந்து தெரியும் காட்சிக்காக ஒரு ஊர் இத்தனை வருடம் வாக்குவாதம் செய்கிறது. பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒன்று. பெல்வெடேர் உள்ளிட்ட அரசு அருங்காட்சியகங்களில் 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஷோன்புரூன் அரண்மனை இந்தக் கணக்கில் வராது.

அடுத்த முறை ஐரோப்பியத் தலைநகரம் எதைப் பற்றிக் கட்டுரை போட்டாலும், அரண்மனையின் அறைக் கணக்கோடு தோட்டக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.

பி.கு.: தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீரைத் தானாகச் சரிந்து ஓடிவரும்படி 1873இலேயே குழாய் போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதைக் கொண்டாடக் கட்டிய பெரிய நீரூற்று, கீழ் பெல்வெடேரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். பூங்காக் குழாய்களில் வருவதும் இந்த மலைத் தண்ணீர்தான். ஐந்து வாரமும் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் கூஜாவில்தான் பிடித்துக் குடித்தோம்.