பதிவேட்டில் இருக்கும் அந்தப் பெயருக்கு

பங்கு மக்களுக்கும் உறவினர்களுக்கும் எங்கள் தெருவினருக்கும் வணக்கம்.

பிறந்ததும் உயிருக்குப் போராடிய எங்கள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் தூக்கிச் சென்றோம். அந்த நாட்களில் நடந்தவை உங்கள் எல்லோருக்கும் தெரியும்; மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒருவருக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூரில் குழந்தை இருந்த பிரிவில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் அவர். காங்கேயம் பக்கத்துப் பெண். கொங்கு நாட்டு அண்ணமார் சாமியைக் கும்பிடும் இந்துக் குடும்பம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. எல்லாவற்றிலும் மோசமான அந்த இரவில் அவர் கதவைத் திறந்து வெளியே வந்து, என் கணவரிடம், “அண்ணா, உங்கள் வழக்கத்தில் குழந்தைக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? இப்போதே சொல்லுங்கள்” என்று கேட்டார்.

நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. நான் மேல்மாடியில் தையலோடு படுத்திருந்தேன். எங்கள் ஆலயக் குருவான பங்குத்தந்தை வந்துசேர நேரமாகும். என் கணவருக்கு உள்ளே போக அனுமதி இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுப்பது எப்படி என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தது அவருக்கு அப்போது நினைவு வந்ததே பெரிது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, குழந்தையின் பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்றார். அந்தப் பெண் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதை எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். “குழந்தையின் பெயர்?” என்றதும்தான் பெயரே வைக்கவில்லை என்பது உறைத்தது. என் கணவர் தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். “கோயில் தண்ணீர் இங்கே இல்லையே, மருந்து கலக்கும் சுத்த நீர்தான் இருக்கிறது, பரவாயில்லையா?” என்றும் அந்தப் பெண் கேட்டார். போதும் என்றார் என் கணவர். அவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, மூன்று முறை அவன் தலையில் வழியவிட்டு, அட்டையைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிரிவில் உள்ள எல்லாக் குழந்தைகளையும் அவர் “சாமி” என்றுதான் கூப்பிடுவார். அன்று மட்டும் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

குழந்தை தேறிய பிறகு வீட்டில் ஒரு வாதம் கிளம்பியது. மாமியார், “அது அவசரத்துக்குச் செய்தது. இனி ஊரைக் கூட்டி, சாமியார் கையால் முறையாக ஊற்ற வேண்டும்” என்றார். பங்குத்தந்தை ஒப்புக்கொள்ளவில்லை. திருமுழுக்கு ஒருவருக்கு ஒரு முறைதான். நடந்தது செல்லுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, செவிலியரையே தொலைபேசியில் அழைத்துப் பேசினார். என்ன தண்ணீர், தலையில் வழிந்ததா, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். கடைசியாக, “என்ன நினைத்துச் செய்தீர்கள் அம்மா?” என்று கேட்டார். “உங்கள் கோயிலில் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதையே செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்தேன்” என்று பதில் வந்தது. தந்தை சற்று நேரம் பேசவே இல்லை. திருச்சபை கேட்பது சரியாக அந்த எண்ணத்தைத்தான். குருவாகப் படிக்கும் குருமடத்தில் தேர்வு எழுதியவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லமாட்டார்கள் என்றார்.

பெற்றோருக்கான தயாரிப்பு வகுப்புக்கு நாங்களும் போனோம். திருமுழுக்கு முடிந்த பிறகு தயாரிப்பா என்று சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். குழந்தைக்குப் பேச்சு வராது, அதனால் அவனுக்காக விசுவாசத்தை அறிக்கையிடுவது நாம், வளர்க்கப்போவதும் நாம் என்று, மறைக்கல்வி சொல்லித்தரும் வேதியர் சொன்னபோது, விருந்துக்கு எத்தனை இலை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் வரிசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆபத்தில் குருவோ, அவருக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டரோ மட்டுமல்ல, பெண்களும் கிறிஸ்தவர் அல்லாதவர்களும்கூடத் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று 1439ஆம் ஆண்டிலேயே திருச்சபையின் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் எழுதிவைத்திருக்கிறது என்பதையும் அங்கேதான் கேட்டேன். யார் கை ஊற்றினாலும் திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது புனித அகுஸ்தினார் காலத்திலிருந்து சொல்லப்படுவதாம்.

அந்தச் செவிலியரையே, விசுவாசத்தில் குழந்தைக்குத் துணைநிற்கும் ஞானத்தாயாக நிறுத்த ஆசைப்பட்டேன். முடியாது என்றார் தந்தை. ஞானப்பெற்றோர், திருமுழுக்குக்குப் பின் பெறும் உறுதிப்பூசுதல் என்ற அருளடையாளத்தைப் பெற்ற கத்தோலிக்கராக, பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு வருத்தம்தான். ஆனால் திருமுழுக்குப் பதிவேட்டில், குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களோடு, திருமுழுக்கு அளித்தவர் பெயரையும் எழுத வேண்டும். மேலும் கீழும் அருட்தந்தையரின் பெயர்களாக இருக்கும் அந்தக் கட்டத்தில், தந்தை தன் கையால் அவர் பெயரை எழுதினார். தேதியும் அந்த இரவின் தேதியேதான்.

ஆகையால் ஞாயிறன்று தண்ணீர் ஊற்றவில்லை. வாசலில் வரவேற்று, கிறிஸ்மா என்ற புனித எண்ணெயைப் பூசி, வெள்ளாடை போர்த்தி, உயிர்ப்புப் பெருவிழாவின் பெரிய திரியான பாஸ்கா திரியில் ஏற்றிய மெழுகுவர்த்தியை ஞானத்தந்தை கையில் கொடுத்தார்கள். மாமியார் அழுதார், பிறகு எல்லோருக்கும் முன்னால் பந்திக்கும் கிளம்பினார்.

இரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், இரவெல்லாம் ஜெபமாலை சொன்ன எங்கள் பகுதி ஜெபக் குழுவான அன்பியத்தார், சோறு கட்டி அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காமார், எங்கள் மாட்டைப் பால் கறந்து பார்த்துக்கொண்ட பெரியப்பா, சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுத்த விசைத்தறி முதலாளி, கண் இமைக்காத மருத்துவர்கள், அனைவருக்கும் கைகூப்புகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுதலாம்; பையன் விடமாட்டேன் என்கிறான்.

இனிமேல் பங்கில் நடக்கும் தயாரிப்பு வகுப்புகளுக்கு நான் போய், அந்த அட்டையைக் காட்டி, அந்தச் சொற்களை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று புதுப் பெற்றோரிடம் சொல்லப்போகிறேன். வேதியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

செவிலியர் சேலை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா தேருக்கு மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், நீங்களும் வந்துவிடுங்கள். அந்த மருத்துவமனையில் யாருக்காவது ஆள் தெரிந்தால், அன்று அவருக்குப் பணி போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.