தோழருக்கு, சந்தா கட்டாத மாதத்தில்

அன்புள்ள தோழர்,

இந்த மாதம் நான் சந்தா கட்டவில்லை. இனியும் கட்டப்போவதில்லை. பிறர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மேல். மற்றவர்களும் படிப்பார்கள், ஆலையின் பெயரும் ஆண்டும் வேண்டாம்.

வர்க்க உணர்வு செத்துவிட்டது என்று பேரவையில் பேசினீர்கள். கடன் தவணையும் கைப்பேசியும் இளைஞர்களை விழுங்கிவிட்டன என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். எனக்கோ பதினான்காவது கோரிக்கை நினைவுக்கு வந்தது.

வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தையின் மூன்றாம் நாள் இரவு. ஊதிய உயர்வு தருகிறோம், அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றது நிர்வாகம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், வாய் திறக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளரின் பணி நிரந்தரம் என்ற வரியை அடித்தவன் நான். அளவுகோல் வைத்து அடித்தேன். கோடு நேராக வரவேண்டுமாம்!

வாயிலில் அவர்களும் நம்மோடு தொண்டை கிழியக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம் ஜெயித்துவிட்டோமா?" என்றார். "ஜெயித்துவிட்டோம்" என்றேன். 'நாங்கள்' என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அதுவாவது நேர்மையாக இருந்திருக்கும்.

மன்னித்துவிடுங்கள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், உங்களிடம் அல்ல. இன்னொரு வாரம் நீடித்திருந்தால் நம் ஆட்களே உடைந்திருப்பார்கள், உண்மைதான். வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் பேனா ஏன் என் கையில் இருந்தது, தோழர்?

1981-இல் அமெரிக்க அதிபர் ரீகன், வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வேலையைவிட்டு நீக்கிய கதையை நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவர்களது சங்கம் அதே ரீகனை ஆதரித்ததையும், விமானிகள் வழக்கம்போல வேலைக்குப் போனதையும் சொல்லிச் சிரித்தீர்கள். நாம் மட்டும் என்ன செய்தோம்? தொழிலாளியைப் 'பங்குதாரர்' என்று முதலாளிகள் பெயர் மாற்றுவதற்கு வெகுநாள் முன்பே, பக்கத்தில் நின்று அதே இயந்திரத்தை ஓட்டியவனை 'வெளியாள்' என்றவர்கள் நாம்தான்.

ஒரே நிலையில் இருப்பது மட்டும் தன்னளவில் வர்க்கம், அதை உணர்ந்து ஒன்றுசேர்ந்தால் தனக்கான வர்க்கம் என்று துண்டறிக்கையின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கு விளக்கிய இரவை மறக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்களைத் தவிர யாரும் எனக்கு அவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் தனிச் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள், பிளவுவாதிகள் என்று நீங்கள் பேரவையில் திட்டினீர்களே, அவர்கள்தான். கணக்கு எழுத வருகிறேன் என்று கேட்டேன். உறுப்பினர் படிவம் கொடுத்தார்கள். முந்தைய சங்கம், அதில் வகித்த பொறுப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு நாளாக அதை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

தோழமையுடன்,
உங்கள் பழைய செயலாளர்